நலிந்த குதிரைக் குட்டியைப் பேணலும் பழக்கலும்

குதிரையின் குணமறிந்தே தம்பிரான் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்பது மற்றொன்று. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கும் பேதையைப் பற்றிய மூன்றாவது பழமொழியை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இலர் எனலாம். மாட்டைச் செல்வம் என்றே அழைத்த தமிழர், குதிரையை மட்டும் இத்துணை ஐயத்தோடு நோக்கியது ஏன்? விடையின் பெரும்பகுதி, குதிரை தமிழகத்திற்கு வந்து சேர்ந்த வழியிலும், வந்தபின் அது வளர்க்கப்பட்ட முறையிலும் அடங்கியுள்ளது. அதனை அறிந்தால், பிறப்பிலேயே நலிந்த ஒரு குட்டியை இன்று எவ்வாறு தேற்றிப் பழக்குவது என்பதும் தெளிவாகும்.

கடல்வழி வந்த செல்வம்

குதிரை தமிழ்நாட்டின் இயற்கை விலங்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல்வழி வந்திறங்கிய பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, அவற்றுள் குதிரையையும் சேர்த்துரைக்கிறது. பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொன்னைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. அக்கதையின் சமயப் பொருள் ஒருபுறமிருக்க, அரசின் கருவூலத்தில் எத்துணைப் பங்கு குதிரைக்காகக் கடல்துறைக்குச் சென்றது என்பதற்கும் அது ஒரு சான்றாக நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் தனித்தனியே 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தவர் அந்நாட்டில் இல்லை. வெளிநாட்டு வணிகரோ தம் வாணிகம் குறையும் என அஞ்சி அத்தகையோரை வரவிடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அரிசியும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்த உணவைக் குதிரைகளுக்கு ஊட்டினர் என்றும், உயர்ந்த குதிரையும் உயர்ந்த பெட்டையும் சேர்ந்தாலும் கால் கோணிய, ஏறுதற்கு உதவாத குட்டியே பிறந்தது என்றும் அவர் எழுதியுள்ளார்.

அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இன்னொரு செய்தியைத் தருகிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளைக்குச்சியில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பர். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசுவின் பாலும் கொடுப்பர். பின்னர் முறையான பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டுவர். சின்னாளில் குதிரை சோர்ந்து பயனற்றதாகும் என்பது அவர் கூற்று. இருவரும் அயலார், வணிகர் வாய்ச்செய்தியையும் கேட்டு எழுதியவர்கள். எண்ணிக்கைகளில் மிகை இருக்கலாம். ஆயினும் கோணிய கால், பொருந்தா உணவு, பயிற்சியின்மை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூறப்படுவது தற்செயல் அன்று. குதிரை நூலறிவே இந்நாட்டில் இல்லை என்றும் கொள்ளலாகாது. விராடன் அரண்மனையில் குதிரை பேணும் பணியேற்ற நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. ஏட்டில் இருந்த அறிவு லாயத்திற்குச் சென்று சேரவில்லை என்பதே பொருத்தமாகும்.

பினாங்கில் குதிரை

பினாங்குத் தீவும் குதிரைக்கு அயல்நிலமே. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்தரைப் பாகை அளவில் உள்ள இத்தீவில் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நீங்குவதில்லை. இருப்பினும் 1786இல் ஆங்கிலேயர் இங்குக் குடியேறிய பின்னர் வண்டிக்கும் ஏற்றத்திற்கும் குதிரை இன்றியமையாததாயிற்று. எதிர்க்கரையான சுமத்திராவிலிருந்து சிறுமேனி கொண்ட மட்டக்குதிரைகள் வந்தன. தமிழர் கொடிமலை என்று அழைக்கும் பினாங்கு மலைக்கு 1923இல் இழுவை ரயில் வரும்வரையில், மேலே செல்ல விரும்பியோர் மட்டக்குதிரையிலோ டோலியிலோ ஏறிச் சென்றனர். நீரிணைக் குடியேற்ற நகரங்களில் குதிரைகளைப் பேணியவர்களுள் தமிழரும் பவியான் தீவினரும் பலர். அவர்களைக் குறிக்கும் ‘சைஸ்’ என்னும் மலாய் வழக்கு அரபுமொழியிலிருந்து வந்தது. தமிழர் குதிரைக்காரர் என்றனர்.

1864இல் தோன்றிய பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் மலேசியாவிலேயே பழமையானது. பத்து கந்தோங்கில் இருந்த அதன் திடலில் 2025 மே மாத இறுதியில் கடைசிப் பந்தயம் ஓடிற்று. சிங்கப்பூரில் அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர் 5ஆம் நாளோடு பந்தயம் நின்றது. பந்தயமும் பந்தயப் பணமும் ஒழிந்ததற்கு வருந்தாதோர் பலர் இருப்பர். ஆனால் ஈரவெப்ப நாட்டில் குதிரையை உயிரோடும் நலத்தோடும் வைத்திருக்கும் அறிவு, அத்திடல்களைச் சுற்றி வாழ்ந்த குதிரைக்காரர் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அவ்வறிவு யாது என்பதைக் காண்பது இவ்வேளையில் தகும்.

முதல் நாள்

தோள்மேட்டு உயரம் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையை மட்டக்குதிரை என்பர். பெட்டையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். குட்டி பிறந்ததும் காணவேண்டியவற்றைக் குதிரை மருத்துவர் 1, 2, 3 என எண்ணி நினைவிற் கொள்வர். ஒரு மணி நேரத்திற்குள் குட்டி எழுந்து நிற்கவேண்டும். 2 மணி நேரத்திற்குள் பால் குடிக்கவேண்டும். 3 மணி நேரத்திற்குள் தாயின் நச்சுக்கொடி முழுமையாக விழவேண்டும். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் மருத்துவரை அழைப்பதே முறை.

பால் குடித்தலில் இத்துணை விரைவு ஏன்? மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையிலேயே தாயிடமிருந்து சேர்கிறது. குதிரையின் நச்சுக்கொடி அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. ஆதலின் குட்டி ஏறத்தாழ வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குரிய காப்பு முழுவதும் சீம்பாலில் உள்ளது. அப்பொருளை அப்படியே இரத்தத்தில் ஏற்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்குச் சிலமணி நேரமே உண்டு. பிறந்த 12 மணி நேரத்திற்குள் அது பெரிதும் குறைந்து, 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. நிற்க இயலாத குட்டிக்குத் தாயிடம் கறந்த சீம்பாலை அக்காலத்திற்குள் புகட்டியாக வேண்டும். காலம் கடந்துவிட்டால், மற்றொரு குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்த ஊனீரை மருத்துவர் நரம்புவழிச் செலுத்துவதே வழி. குட்டியின் இரத்தத்தைச் சோதித்துக் காப்பு போதுமா என அறியும் முறையும் இன்று எளிதாகியுள்ளது.

தொப்புள் வழியே கிருமி புகுந்தால் அது மூட்டுகளிற் சென்று தங்கி வீக்கத்தை உண்டாக்கும். நேற்றுவரை துள்ளிய குட்டி இன்று நொண்டினால், தாய் மிதித்திருக்கும் என்று வாளா இருப்பது பெரும்பிழை. அது மூட்டுச் சீழாகவும் இருக்கலாம். ஆகவே தொப்புளை மருத்துவர் தரும் மருந்துநீரில் நாள்தோறும் நனைத்துவரல் வேண்டும். தாயை இழந்த குட்டிக்குப் பசுவின் பாலை அப்படியே கொடுத்தலும் பொருந்தாது. குதிரைப்பாலில் கொழுப்பு குறைவு, சர்க்கரை மிகுதி. பசும்பால் அதற்கு மாறானது. குதிரைக் குட்டிக்கென ஆக்கிய பால்மாவோ, பால் தர இசையும் மற்றொரு பெட்டையோ வேண்டும்.

கோணிய கால்

பிறந்த குட்டியின் கால் சிறிது வளைந்திருத்தல் அரிதன்று. தசைநார் தளர்ந்து குளம்பின் முனை மேல்நோக்கி நிற்கும் குட்டிகள் பல, அளவான நடமாட்டத்தாலேயே சில நாள்களில் நேராகின்றன. ஆனால் குறைமாதத்திற் பிறந்த குட்டியின் முழங்கால், பின்கால் மூட்டுகளிலுள்ள சிறு எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதனைத் துள்ளவிட்டால் அவை நசுங்கிக் கோணல் நிலைத்துவிடும். ஒரு குட்டிக்கு மருந்தாகும் ஓட்டம் மற்றொன்றுக்கு நஞ்சாகும் என்பதால், எது எத்தகையது என்பதை எக்ஸ்ரே படத்தால் அறிந்தே முடிவு செய்யவேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டின் அருகே எலும்பு விரைந்து வளர்வது முதல் மூன்று மாதமே. அங்குள்ள கோணலை முதல் இரண்டு மாதத்திற்குள் கவனித்தல் வேண்டும். முழங்காலில் உள்ளதற்குச் சற்று நீண்ட காலம் உண்டு. சிறு கோணல்கள் பல, குளம்பை முறையாகச் சீவுவதாலும் லாயத்தில் அடக்கி வைப்பதாலும் திருந்துகின்றன.

இனி உணவு. எலும்பிற்குக் கால்சியமும் பாஸ்பரஸும் வேண்டும். குதிரையின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமலும், கூடுமாயின் ஒன்றரை மடங்காகவும் இருத்தல் நன்று. அரிசியிலும் தவிட்டிலும் இவ்விகிதம் தலைகீழாக உள்ளது. இவற்றையே மிகுதியாகத் தின்ற குதிரையின் உடல், இரத்தத்திற்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். எலும்பு மென்மையாகும், முகவெலும்பு வீங்கும், நடை நோகும். மார்க்கோ போலோ கண்ட கோணற்கால் குட்டிகளுக்குச் சோறுண்ட தாயின் உடற்குறை ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும் என்று கருத இதனால் இடமுண்டு. தானியங்களை நோக்கக் கொள்ளில் கால்சியம் மிகுதி. கொள்ளைக் குதிரைக்கு உரியதாக வைத்த பிற்கால வழக்கம் பொருளற்றது அன்று.

மலேசியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. செட்டாரியா முதலிய சில வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு குதிரைக்குக் கிடைக்கவொட்டாமல் செய்கிறது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இதனைப் பெரும்பாலும் சிதைத்துவிடுவதால் மாட்டிற்குத் தீங்கு குறைவு. மாடு கொழுக்கும் பசும்புல்லில் குதிரைக் குட்டி எலும்பு நலிவதன் காரணம் இதுவே. பலவகைப் புல்லைக் கலந்து கொடுத்தலும், கால்சியம் சேர்த்தலும், மருத்துவர் அளவிட்டபடி செய்யத்தக்கன. மிகையும் தீதே. மட்டக்குதிரை குறைந்த தீனியில் வாழும் இயல்பினது. நோயுற்ற குட்டியைத் தேற்றுவதாக எண்ணித் தானியத்தை வாரியிட்டால் மூட்டு வளர்ச்சி கெடும். பருத்த மட்டக்குதிரைக்குக் குளம்பழற்சி என்னும் கொடிய நோயும் வரும்.

வெப்பமும் கொசுவும்

குதிரை மனிதனைப்போல் வியர்த்தே உடற்சூட்டைத் தணிக்கும். ஈரவெப்ப நாட்டில் சில குதிரைகள் நாளடைவில் வியர்க்கும் ஆற்றலை இழந்து, மூச்சு வாங்கி, வேலைக்கு உதவாமற் போகின்றன. ஆங்கிலேயர் தம் வெப்பநாட்டுக் குடியேற்றங்களுக்குக் கொண்டு சென்ற குதிரைகளிடம் 1920களிலேயே இந்நோய் விவரிக்கப்பட்டது. காலை மாலை வேலை, நண்பகல் நிழல், தடையற்ற காற்று, குளிர்நீர், உப்பு ஆகியவையே குதிரைக்காரர் கண்ட பரிகாரம். இன்றைய மருத்துவமும் அவற்றையே முதலிற் சொல்கிறது. காய்ச்சலுள்ள குட்டிக்கு இவை இருமடங்கு தேவை.

பூச்சிகளும் பகையே. 2020இல் அண்டை நாடான தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரைக்கொள்ளை நோய் முதன்முறையாகத் தோன்றி 500க்கு மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது. அதனைப் பரப்புவது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு கடிபூச்சி. அந்திப்பொழுதில் லாயத்திற்கு நுண்வலை இடுவதும், சாணத்தையும் தேங்கிய நீரையும் அகற்றுவதும் அங்குப் பெரிதும் வலியுறுத்தப்பட்டன. சாணத்தை நாள்தோறும் அகற்றினால் குடற்புழுவும் குறையும் என்பது கூடுதல் பயன்.

பழக்கும் முறை

நோயுற்று வளர்ந்த குட்டிக்குப் பயிற்சியில் ஒரு தனி இடர் உண்டு. அது மனிதக் கையை முதலில் அறிந்தது ஊசியிலும், அழுத்திப் பிடித்தலிலும், கசந்த மருந்திலும் ஆம். மனிதன் வந்தால் நோவு வரும் என்பதே அதன் முதற்பாடம். ஆகவே நோவு தரும் ஒரு வருகைக்கு நோவற்ற வருகைகள் பல என்ற கணக்கைக் கைக்கொள்ள வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பிடரியின் அடியில் பல்லாற் சொறிந்துகொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அவ்விடத்தைக் கையாற் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்புத் தணிகிறது என்று 1993இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று காட்டிற்று. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், குட்டியைத் தொடாமல், பிறந்த முதல் ஐந்து நாளும் அதன் தாயை மட்டும் மென்மையாகத் தேய்த்துக் கொடுத்தனர். தாய் அஞ்சாமல் நின்றதைக் கண்டிருந்த குட்டிகள், பிற குட்டிகளைவிட எளிதில் மனிதரை அண்டவிட்டன.

அடுத்தது தலைக்கயிறு. கயிற்றை இழுத்தால் குதிரை எதிர்த்திழுக்கும், அது இயற்கை. சிறிது அழுத்தம் கொடுத்துக் காத்திருந்து, குட்டி ஓரடி முன்வைத்த அந்நொடியே கயிற்றைத் தளர்த்தினால், அடியெடுத்து வைத்தால் அழுத்தம் நீங்கும் என்பதை அது கற்றுக்கொள்ளும். குட்டிக்குப் பாடம் சொல்வது இழுப்பு அன்று, தளர்த்தும் நொடியே. தளர்த்துவது தாமதித்தால் குட்டி குழம்பும்; குழம்பிய குட்டியை அடித்தால் அஞ்சும்; அஞ்சிய குட்டியை உலகம் முரட்டுக் குதிரை என்னும். பாடம் சில நிமிடமே நீளவேண்டும். காலைத் தூக்கி நிற்கப் பழக்குதல் சில வாரக் குட்டிக்கே தொடங்கலாம். கோணற்கால் குட்டிக்கு அடிக்கடி குளம்பு சீவ வேண்டியிருத்தலால் அது முதன்மையான பாடமாகும்.

மென்மை வேறு, செல்லம் வேறு. புட்டிப்பாலில் வளர்ந்து வேறு குதிரையையே காணாத குட்டி, மனிதனைத் தன் விளையாட்டுத் தோழனாகக் கொண்டு கடிக்கவும் முன்காலைத் தூக்கி மேலே விழவும் கற்றுக்கொள்கிறது. 20 கிலோ எடையில் வேடிக்கையாக இருப்பது 200 கிலோ எடையில் எலும்பை முறிக்கும். ஆதலின் நோய் தணிந்ததும் அதனைச் சாந்தமான பெரிய குதிரைகளோடு விடவேண்டும். வரம்பு இன்னது என்பதை அவை கற்பிக்கும்.

ஏறுதற்குரிய வயதில் பொறுமை வேண்டும். முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்முனை மூட ஏறத்தாழ இரண்டரை ஆண்டாகும். முதுகெலும்பு முதிர ஐந்தாண்டோ அதற்கு மேலுமோ ஆகும். பிறப்பில் நலிந்த குட்டியின்மீது நான்கு வயதிற்கு முன் சேணம் வைத்து ஏறாதிருத்தல் நன்று. அதுவரை கயிற்றில் நடத்தல், சாலை ஓசை கேட்டல், மழைநீரைத் தாண்டல், வண்டியில் ஏறி இறங்கல் எனக் கற்க வேண்டியவை பல உள. பின்னரும் சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்திலொரு பங்கிற்கு மேற்பட்ட சுமை ஆகாது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோவே எல்லை. ஐங்கதி என்று தமிழ் நூல்கள் வகுத்த நடைகள் யாவும் அதற்குப் பின்னர் வருவனவே.

பெர்லின் நகரத்துக் குதிரை

ஆசிரியர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் வில்லெம் பான் ஆஸ்டன் என்பார், ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்ததாக நம்பினார். கேட்ட கணக்கிற்கு அது காலால் தட்டி விடை சொல்லிற்று. 1907இல் ஆஸ்கார் புங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் உண்மையை வெளியிட்டார். விடையைக் கேட்பவர் அறியாத வேளையில் குதிரையும் விடை அறியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தம்மையறியாமல் சிறிது அசைவதைக் கண்டே அது தட்டுதலை நிறுத்திற்று.

ஹான்ஸ் கணக்கறியவில்லை எனப் பலர் நகைத்தனர். ஆனால் மனிதக் கண்ணுக்கே தப்பும் அசைவை ஒரு குதிரை படித்தது என்பது அதனினும் வியப்பன்றோ? அத்தகைய கண்ணுடைய உயிரின்முன் அச்சத்தையோ சினத்தையோ மறைத்துக்கொண்டு நிற்க எவராலும் இயலாது. கற்பிப்போன் தான் கற்பிக்க எண்ணாததையும் கற்பித்துக்கொண்டே இருக்கிறான் என்பது லாயத்திற்கும் பள்ளிக்கும் பொது.

நாற்பது நாள் கட்டிப்போட்டு, பழக்காமல் ஏறி விரட்டப்பட்ட குதிரைகள் கீழே தள்ளியிருக்கும். பார்த்தவர் அவற்றின் குணத்தைப் பழித்திருப்பர். பழமொழிகள் அவ்வாறு பிறந்திருக்கக் கூடும். ஆயினும் சேணம், அங்கவடி, கடிவாளம், லாடம், வையாளி என ஒரு தொழிலின் சொற்கள் யாவும் தமிழில் நிலைபெற்றிருத்தல், அன்போடு குதிரை பேணிய கைகளும் இங்கு இருந்தன என்பதற்குச் சான்று. பினாங்கிலும் பிற நகரங்களிலும் அக்கைகளுக்கு உரியோர் முதுமை எய்தி வருகின்றனர். வயிற்றுவலியில் புரளும் குதிரையை எவ்வாறு நடத்துவது, வியர்க்காத குதிரையைத் தொட்டு எவ்வாறு அறிவது, பால் குடியாக் குட்டியை மடிக்கு எவ்வாறு பழக்குவது என்பவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே வைத்திருக்கின்றனர். உயர்வகுப்பு மாணவர் சிலர் குறிப்பேட்டோடு அவர்களிடம் சென்று, அச்சொற்களையும் செயல்களையும் கேட்டு எழுதி வருவார்களாயின், அது தமிழுக்கும் தொண்டு. இனி இந்நாட்டில் பிறக்கும் நலிந்த குட்டிகளுக்கும் துணை.